பாதியைச் சொன்னால் மீதி வரும்

மார்ச் 3, மாலை 6.40. இருபதுக்குப் பதினேழு.

அக்கா இன்று சரியாக முடித்த ஆங்கிலத் தொடர்கள். நான் "வேஸ்ட் ஆஃப்" என்றால் "டைம்" என்கிறாள். "ஜஸ்ட் இன்" - "டைம்". பக்கவாதம் வந்து நான்கு மாதம். தண்ணீருக்கு இன்னும் டம்ளரைத்தான் காட்டுகிறாள். தம்பி என்று கூப்பிட வரவில்லை. ஆனால் எட்டு வருடம் கஸ்டமர் கேரில் ஹெட்செட் மாட்டிப் பேசிய ஆங்கிலம் அப்படியே இருக்கிறது. நெட்வொர்க் வேலை பார்க்கும் எனக்கு இது புரியாதா? மெயின் லைன் போனால் பேக்கப் லைன்.

மார்ச் 5

பேச்சுப் பயிற்சி தரும் மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "இது பாட்டு மாதிரி தம்பி, தானா வரும். அவங்க பேசறாங்கன்னு நினைச்சுக்காதீங்க. முதல்ல வேணும், வேணாம் வரட்டும்."

வேணும், வேணாம் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவதா? பதினைந்தாம் தேதி அக்காவின் ஆபீஸ் மேனேஜர் போனில் அவளிடம் பேசிப் பார்ப்பார். தேறாவிட்டால் வேறு ஆள்.

மார்ச் 9

ஆங்கிலத் தொடர்களை நான் எழுதி வைத்திருந்த அட்டைகளை அக்கா தட்டிவிட்டாள். மாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "என்னக்கா, சின்னக் குழந்தையா நீ?" என்று கத்தினேன். பொறுக்கி எடுத்து, மறுபடி முதலிலிருந்து.

மார்ச் 15

பாஸ். வழக்கமான கேள்விகள்தான், பக்கத்தில் உட்கார்ந்து அட்டை காட்டினேன். "வாய் அப்படியே இருக்கேம்மா! திங்கக்கிழமை வந்துடு" என்று மேனேஜர் சிரித்தார். அம்மா அழுதாள். அக்கா சிரிக்கவில்லை.

மார்ச் 20

அக்காவின் ஆபீஸில் என்னைக் கூப்பிட்டு, அவள் எடுத்த ஒரு காலின் ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டினார்கள்.

வீடுகளுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் அனுப்பும் கம்பெனி அது. ஒரு பெரியவர். சிலிண்டர் தீர்ந்துவிட்டது, மனைவிக்கு மூச்சு வாங்குகிறது, எப்போது வரும்?

"ஆன் டைம், சார்."

அவர் கத்துகிறார்.

"ஆன் டைம், சார். தேங்க் யூ ஃபார் யுவர் டைம்."

அதன்பின் அக்கா பக்கத்து சீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து, திரையில் அவர் நம்பரைக் குத்திக் குத்திக் காட்டியிருக்கிறாள். அந்தப் பெண்தான் வண்டி அனுப்பினாள். பெரியவரின் மனைவி ஆஸ்பத்திரியில். பிழைப்பாரா? தெரியவில்லை.

ஆக, அக்காவுக்கு எல்லாம் புரிந்திருக்கு. ஒவ்வொரு வார்த்தையும். வாயைத் திறந்தா வந்தது நான் திணிச்சது மட்டும்தான்— ஏன்டா, அவ வேணாம்னுதானே தலையாட்டினா?

மார்ச் 21

நேற்றிலிருந்து அக்கா சாப்பிடவில்லை. தூக்கிப் போடத்தான் அட்டைகளை எடுத்தேன். மறுபடி ஆரம்பிக்கிறேன் என்று நினைத்திருப்பாள். சுவரோடு ஒட்டிக்கொண்டாள். உதடு கோணி, கழுத்து நரம்பு புடைத்து,

"வே... வேணாம்."

தமிழில். அவளாகவே. எனக்குச் சந்தோஷப்பட மனசு வரவில்லை.

நாளைக்கு:

1. மேனேஜரிடம் சொல்வது: அட்டை காட்டியது நான். அவள் வரமாட்டாள்.
2. ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பெரியவரைப் பார்ப்பது. அடித்தால் வாங்கிக்கொள்வது.
3. மேடத்திடம் மறுபடி கூட்டிப்போவது. அக்கா சம்மதித்தால்.
4. "என்ன வேணும்க்கா?" என்று கேட்பது. கேட்டுவிட்டு, எவ்வளவு நேரமானாலும், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது.