கொரியா ஒப்பந்தமும் என் வேலையும்

மர்பி டவுன், பெங்களூரு
ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை

என் செல்லப் பொண்ணு லவினாவுக்கு அம்மா எழுதறது. கர்த்தர் தயவுல நானும் உங்க அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாம இருக்கோம், நீயும் அந்தக் குளிர்ல வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கிட்டு வேலைக்குப் போய் வந்துட்டிருக்கேன்னு நம்பித்தான் இதை எழுத உக்காந்தேன். தினமும் வீடியோவுல பேசறோம், அப்புறம் எதுக்கும்மா லெட்டர்னு கேப்பே. உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு சொல்ல முடியாத ஒண்ணு இருக்கு, அதான். டோரீன் அக்காவோட மருமகன் அடிலெய்டு வர்றாரு, அவர் கையில குடுத்து விடறேன். கூடவே மாங்கா ஊறுகாயும் குடுக்கலாம்னு பார்த்தேன், ஏர்போர்ட்லயே பிடுங்கிடுவாங்கன்னு உங்க அப்பா தடுத்துட்டாரு. நம்ம நாடும் ஆஸ்திரேலியாவும் எவ்வளவு பெரிய வியாபார ஒப்பந்தம் போட்டாலும் என் ஊறுகாய்க்கு மட்டும் வழி விடமாட்டாங்க போல.

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். எங்க கம்பெனியை மூடிட்டாங்க லவி. இப்ப இல்ல, ஈஸ்டர் முடிஞ்ச வாரமே. நீ கிளம்பிப் போய் ரெண்டு மாசம்தான் ஆகியிருந்தது. மகாதேவபுரா ஷெட்ல இருபத்தியொரு வருஷம், கார்ல எண்ணெய் கசியாம தடுக்கற அந்த ரப்பர் ஆயில் சீல் ஒவ்வொண்ணையும் விளக்கு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் இருக்கறதைப் பொறுக்கி எடுத்த கை சும்மா இருந்தது. நீ கேக்கும்போதெல்லாம் இன்னிக்கு லீவு, இன்னிக்கு கரெண்ட் இல்லன்னு பொய் சொன்னேன். ஒரு நாள் பழைய யூனிஃபார்ம் கோட்டை மாட்டிக்கிட்டே உன்கிட்ட பேசினேன், அது ஞாபகம் வந்தா இப்பவும் வெக்கமா இருக்கு. அந்த ஆரஞ்சுத் தோட்டத்துல மூணு மாசம் முடிச்சாதான் அடுத்த வருஷத்துக்கு விசான்னு நீ சொல்லியிருந்தே. தெரிஞ்சா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்துடுவே, உன்னை எனக்குத் தெரியாதா. அதனால அப்பாவையும் சொல்லவிடல. அவரைத் திட்டாதே, தப்பு முழுக்க என்னுது.

ஏன் மூடினாங்கன்னு கேப்பே. எங்க ஆயில் சீல் வாங்கிட்டிருந்த கார் பார்ட்ஸ் கம்பெனிக்கு அதே சீல் கொரியாவுலேர்ந்து மலிவா வருதாம். அந்த நாட்டோட நம்ம நாடு எப்பவோ போட்ட ஒப்பந்தத்துல, அங்கேர்ந்து வர்ற சரக்குக்கு வரி வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு கடைசியில ஒண்ணுமே இல்லாமப் போயிடுச்சாம். அதுக்கு மேல எங்க முதலாளி கோவிந்தப்பா சாரால தாக்குப் பிடிக்க முடியல. மூடற அன்னிக்கு அவர் எங்க பதினோரு பேரையும் ஒவ்வொருத்தரா கூப்பிட்டுப் பேசினாரு. ரப்பரை அச்சுல அழுத்தற பிரஸ் மெஷின் ஓட்டற கண்ணா அண்ணன் மட்டும் உள்ளே போகமாட்டேன்னு சொல்லி, மெஷின் மேல கை வெச்சுக்கிட்டு நின்னுட்டிருந்தாரு.

ஜூன் மாசம் கோவிந்தப்பா சார் வீட்டுக்கே வந்தாரு. கொரியா ஒப்பந்தத்தைத் திருத்தப் பேச்சு நடக்குது, டெல்லியிலேர்ந்து ஆபீசருங்க சின்னத் தொழில்காரங்ககிட்ட கருத்து கேக்க வர்றாங்க, வேலை போன ஒரு பொம்பளை வந்து பேசினா நல்லா இருக்கும், வர்றியா மெர்சின்னு கேட்டாரு. பேச வேண்டியதைத் தமிழ்லயே எழுதி வெச்சிருந்தாரு. அவர் சோறு போட்ட மனுஷன், மாட்டேன்னு எப்படிச் சொல்றது. அவர் கார்லயே ராஜாஜிநகர் ஹாலுக்குப் போனேன். மைக் முன்னாடி நின்னு காகிதத்தைப் பிரிச்சா, இந்த மாதிரி ஒப்பந்தம் எல்லாமே ஏழைங்க வயித்துல அடிக்கறது, எந்த நாட்டோடயும் வேண்டாம்னு முதல் வரியே இருக்கு. எனக்கு அதைப் படிக்க மனசு வரல லவி. உனக்கு விசா கெடச்சதே ஆஸ்திரேலியாவோட போட்ட ஒப்பந்தத்துலதானே, வருஷத்துக்கு ஆயிரம் பேருன்னு குலுக்கல்ல உன் பேரு விழுந்தப்ப நாம மூணு பேரும் சமையக்கட்டுல கட்டிப் பிடிச்சு அழுதோமே.

காகிதத்தை மடிச்சு வெச்சுட்டு வாயில வந்ததைச் சொன்னேன். என் வேலை ஒரு ஒப்பந்தத்தால போச்சு, என் பொண்ணுக்கு வேலை இன்னொரு ஒப்பந்தத்தால வந்தது, ரெண்டும் எங்க வீட்டு ஒரே தட்டுலதான் விழுது, நான் எதைத் துப்பட்டும்னு கேட்டேன். அதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா மனசுல இருந்த இன்னொண்ணும் வந்துடுச்சு. அந்த ஒப்பந்தம் வந்த புதுசுல எங்க கம்பெனிக்கு ரப்பரே கொரியாவுலேர்ந்துதான் மலிவா வந்தது, அப்ப ரெண்டு ஷிஃப்ட் ஓடுச்சு, ஓவர்டைம் பண்ணித்தான் என் பொண்ணைப் படிக்க வெச்சேன், அதையும் சொல்லாம விட்டா பாவம்னு சொன்னேன். வரி இத்தனை வருஷத்துல இவ்வளவு குறையும்னு முன்னாடியே எழுதி வெச்சிருந்தீங்களாமே, அதை ஒரு தடவையாவது எங்க ஷெட்டுக்கு வந்து யாராவது சொன்னீங்களா, சொல்லியிருந்தா எங்க கண்ணா அண்ணன் வேற மெஷின் கத்துக்கிட்டிருப்பாரு, இப்ப அம்பத்திரெண்டு வயசுல ஒயிட்ஃபீல்டு அப்பார்ட்மெண்ட் கேட்ல வாட்ச்மேனா நிக்கறாருன்னு கேட்டேன். தமிழ் தெரிஞ்ச ஒரு மேடம் தலை நிமிராம எழுதிக்கிட்டே இருந்தாங்க. எழுதினது எங்கே போகும்னு எனக்குத் தெரியாது. கேட்டாங்களே, அதுக்கு நன்றி.

திரும்பி வர்றப்ப கோவிந்தப்பா சார் ரோட்டையே பார்த்து வண்டி ஓட்டினாரு. மலிவு ரப்பர் விஷயத்தைச் சபையில போட்டு உடைச்சுட்டேனேன்னு எனக்குப் பயம். கண்டோன்மெண்ட் தாண்டினதும் வண்டியை ஓரமா நிறுத்தி, நீனு ஹேளித்து நிஜானே மெர்சி, நீ சொன்னது நெசம்தான், லாபம் வந்தப்ப நான் எந்த மீட்டிங்குக்கும் போகலன்னு சொன்னாரு. கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. அப்புறம் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டுத்தான் போனாரு. அந்த மனுஷனுக்காக நான் தினமும் ஜெபம் பண்றேன், நீயும் பண்ணு.

இப்ப நல்ல சேதி. அந்த ஹால்ல டீ குடிக்கறப்ப ரூபினின்னு ஒரு பொண்ணு, உன்னைவிட பத்து வயசு பெரியவ இருப்பா, வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. பொம்மசந்திராவுல அவங்க ரப்பர் கம்பெனி. தோட்டத்துக்குத் தண்ணி விடற பைப்புக்குள்ள போடற வளையம் பண்றாங்க, எல்லாம் உங்க ஆஸ்திரேலியாவுக்குத்தான். கீறலைக் கண்ணாலயும் விரலாலயும் பிடிக்கற ஆள் வேணும், வர்றீங்களா ஆன்ட்டின்னு கேட்டா. என்னைவிட, என்கூடவே வேலை போன டோரீன் அக்காவுக்குக் கை நுணுக்கம்னு சொன்னேன். ரெண்டு பேரையும் எடுத்துக்கிட்டா! ஜூலை முதல் தேதியிலேர்ந்து போயிட்டிருக்கோம். ரெண்டு பஸ் மாறணும், முட்டி வலிக்குது, ஆனா மறுபடியும் அந்த விளக்கு முன்னாடி உக்காந்தப்ப எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதறதுன்னு தெரியல. மத்த ஒம்பது பேருக்கு அப்படி ஒண்ணும் அமையலங்கறதும் உறுத்திக்கிட்டேதான் இருக்கு. கண்ணா அண்ணனைப் பத்தியும் ரூபினிகிட்ட சொன்னேன், பிரஸ்ல எடம் வந்தா பாக்கறேன்னா, நிச்சயமில்ல.

போன வாரம் நான் அவகிட்ட ஒண்ணு கேட்டேன். இந்த வளையத்தை ஆஸ்திரேலியாக்காரங்க முன்னாடி எங்கே வாங்கினாங்கன்னு. அங்கேயே ஒரு கம்பெனி பண்ணிட்டிருந்தது ஆன்ட்டி, வரியை எடுத்ததும் நம்ம சரக்கு மலிவாயிடுச்சு, அவங்க அந்த வேலையை நிறுத்திட்டாங்கன்னு சாதாரணமா சொல்லிட்டுப் போயிட்டா. அன்னிக்கு மதியம் சோத்து டப்பாவைத் திறந்து வெச்சுக்கிட்டு அதையே யோசிச்சேன் லவி. அப்ப அங்கேயும் ஒருத்தி இருந்திருப்பாளே, என்னை மாதிரியே விளக்கு முன்னாடி உக்காந்து. அவளுக்கும் ஒரு பொண்ணு எங்கேயாவது இருக்கும், அவகிட்ட இவளும் லீவுன்னு பொய் சொல்லிட்டிருப்பா. இந்த ஒப்பந்தம் நல்லதா கெட்டதான்னு படிச்சவங்க சொல்லட்டும், எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். ராத்திரி ஜெபத்துல உன் பேருக்கு அப்புறம் அவளையும் சேர்த்துக்கறேன், பேரு தெரியாததால ஆண்டவரே அந்த அம்மான்னு மட்டும் சொல்றேன். உன்கூட பேக்கிங் ஷெட்ல வயசான பொம்பளைங்க யாராவது புதுசா வந்து, கை தடுமாறிட்டு நின்னா, கிட்ட போய் வேலையைச் சொல்லிக் குடு கண்ணு. அவளா இருந்தாலும் இருக்கும்.

எங்களுக்காகத் திரும்பி வரணும்னு நினைக்காதே, எடுத்த காரியத்தை முடி. கையுறை போடாம பெட்டி தூக்காதே. ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறியா இல்லையான்னு நீயே சொல்லு, நான் கேக்கமாட்டேன். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நீ தொடற காரியத்தையெல்லாம் கைகூட வைப்பாரு.

இப்படிக்கு,
உன்கிட்ட இனிமே பொய் சொல்லாத
அம்மா மெர்சி