பெர்லினில் ஓடும் காவிரி

அரியமங்கலம், திருச்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மலர்க்கொடிக்கு அப்பா எழுதுவது. மூட்டுவலியைத் தவிர எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அங்கே சுகமாக இரு. உன் புதுப் படத்தைப் பார்த்துவிட்டேன். உன் சிநேகிதி லிசி அவள் வேலை பார்க்கும் கல்லூரியில் திரையிட்டாள், நீங்க வந்தே ஆகணும்ப்பா என்று ஆட்டோவில் கூட்டிப் போய் முன்வரிசையில் உட்கார வைத்தாள். காவிரி என்று பெர்லினில் ஏதோ ஓர் ஆற்றைக் காட்டியிருக்கிறாய், அதில் அன்னம் நீந்துகிறது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துப் படியில் உன் அம்மாவின் அஸ்தியைக் கரைத்தவன் நான், எனக்குச் சிரிப்புதான் வந்தது. நீ இங்கே வர முடியாமல்தானே அப்படி எடுத்தாய், அதை நான் குறை சொல்லவில்லை.

குறை வேறு. லால்குடிப் பக்கத்து ஊரில் பிணத்தைப் பொதுவழியில் கொண்டுபோக விடாததை நீ முதல் படமாக எடுத்தபோது, வாசலில் வந்து கத்தியவர்களுக்கு நான்தான் பதில் சொன்னேன். உன் மேல் வழக்குப் போட்டார்கள், நீ படிப்பென்று பெர்லினுக்குக் கிளம்பினாய், ஆறு வருஷம் ஆகிவிட்டது. போன ஐப்பசியில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது போனில் உன்னை வராதே என்றேன், அவ்வளவுதான். உன் படத்து அப்பாவோ நீ என் பொண்ணே இல்ல என்று கத்திவிட்டுப் போனை வைக்கிறார், அம்மா மகள் பெயரைச் சொல்லியே சாகிறாள். பின்னாலேயே உன் பேட்டியையும் போட்டார்கள். வீடு கைவிட்ட பிறகுதான் நான் யாரென்று எனக்குத் தெரிந்தது, என் சினிமா அங்கேதான் பிறந்தது என்கிறாய். எல்லாரும் கைதட்டினார்கள். ஒருவர் என்னிடம் வந்து, விடுங்க சார், இப்பவாவது பொண்ணைப் புரிஞ்சுக்கிட்டீங்களே என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

நடந்தது இதுதான். நீ வந்து இறங்கினால் விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னார். பிடிக்கட்டும், ஜாமீன் வாங்கிக்கொள்ளலாம், அம்மா ஒரு தடவை உன் முகத்தைப் பார்க்கட்டும் என்றுதான் நான் நினைத்தேன். அம்மா விடவில்லை. அவள வரச் சொல்லாதீங்க, நான்தான் வேண்டாம்னேன்னு தெரிஞ்சா கிளம்பி வந்துடுவா, நீங்களே கோவமா சொல்லிடுங்க என்றாள். சொன்னேன். அதற்குப் பிறகு மூன்று நாள் இருந்தாள். உன் பெயரைச் சொன்னால் நான் மனம் மாறி உன்னைக் கூப்பிட்டுவிடுவேனோ என்று, அதை அவள் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

அழாதே என்று சொல்லமாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் வெறுங்காலோடு நிற்காதே. இன்னும் பல படம் எடுத்துப் பெயரோடு நூறு வருஷம் இரு, என் ஆசீர்வாதம் குறையாது. ஒன்றை மட்டும் மறக்காதே, இதைப் படமாக எடுக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா
மருதை