பல்லவிக்கு ஒரு ஜோடிச் சொல்

என் ஆசை செல்லக்கனிக்கு,

அங்கேயும் அப்பளம் தேய்க்கிறாயா, இல்லை பாட்டுக் கட்டுவது மட்டும்தானா? முதலில் நல்ல சேதி. உன் மகள் பல்லவிக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை டோம்பிவிலியில் இருக்கிற மராட்டிப் பையன். தங்கமான குணம், பல் மட்டும் கொஞ்சம் எடுப்பு.

கல்யாணம் என்றால் கும்மிப் பாட்டு நம் தலையில்தானே? தாராவியில் நம் சந்தில் எந்தப் பெண் கழுத்தை நீட்டினாலும், அவள் பேரின் இரண்டாம் எழுத்தோடு ஒத்துப்போகிற ஜோடிச் சொல்லை அப்பளம் தேய்த்தபடியே தேடுவோம். ஒருத்திக்கு வைத்த ஜோடியை இன்னொருத்திக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் வேறு போட்டாய். நீ போன பிறகு நான் தனியாகக் கட்டும் முதல் பாட்டு இது. அந்தச் சட்டம்தான் என் கழுத்தை நெரிக்கிறது.

பல்லவிக்கு என்ன மிச்சம் வைத்திருக்கிறாய், சொல்? முல்லையை எதிர்வீட்டு வல்லிக்குக் கொடுத்துவிட்டோம். வெல்லம் மல்லிகாவோடு போயிற்று. 'இல்லை' என்ற சொல் மணப்பாட்டில் வரக் கூடாது. நெல், வில், செல்வம் எல்லாம் எப்போதோ தீர்ந்தாயிற்று; என் புத்திக்கு எட்டுவது பல் ஒன்றுதான். அதை மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பாட முடியுமா?

நேற்று மாவு உருண்டையும் கையுமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். உன் மகளுக்குத் தமிழ் எழுத வராது அல்லவா? நான் சொல்லச் சொல்ல இந்தி எழுத்தில் போனில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"சித்தி, கடைசில மேட்ச் ஆனா போதாதா?"

"ஏட்டி, அது ஒங்க இந்திப் பாட்டுக்கு. நமக்கு அடி எடுக்கையிலயே ஜோடி சேரணும்."

கொஞ்ச நேரம் முணுமுணுத்துப் பார்த்தவள், "பல்லவி... செல்லக்கனி. அம்மா பேரு ஃபிட் ஆகுதே சித்தி!" என்றாள்.

எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? போனவர்கள் பேரை மணப்பாட்டில் எடுப்பதில்லை என்று என் மனசே கதவைச் சாத்தி வைத்திருந்ததோ என்னவோ. பக்கத்தில் அப்பளம் தேய்த்துக்கொண்டிருந்த உன் நாத்தனாரும் அதையேதான் சொன்னாள். "நல்ல காரியத்துல போனவ பேரு வரலாமாட்டி?" பல்லவி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"கல்யாணத்துக்கு முந்தின நா அவளுக்குச் சேல வச்சுக் கும்பிடப் போறோம்லா மைனி? சேலைக்கு வாரவ பாட்டுக்கு வரக் கூடாதோ?" என்று கேட்டேன்.

உன் நாத்தனார் ஒரு அப்பளம் தேய்த்து உலரப் போட்டாள். பிறகு, "அப்போ மொத அடியிலயே போடு. நடுவுல போட்டா கோவிச்சுக்கிடுவா" என்றாள். உன்னை நன்றாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறாள்!

*செல்லக்கனி பெத்த மயில்*
*பல்லவிக்கு மாலை எடு!*

எப்படி இருக்கிறது? மெட்டு நீ போட்டதுதான். மாப்பிள்ளையின் அம்மாகூடக் கை தட்டப் பழகிவிட்டார். தாளம் மட்டும் கொஞ்சம் முன்னே ஓடுகிறது.

உன் பேரில் வரும்போது என் குரல் உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. உடையாது. அழுகையை மறுவீட்டுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் பேர் சந்து முனைவரை கேட்கும். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த ஜோடியை இனி எந்தப் பெண்ணுக்கும் கொடுக்க மாட்டேன்.

உன் மகளுக்குச் சித்தி,
உனக்குக் கூடப் பிறக்காத தங்கச்சி,
பேச்சித்தாய்