ஞாயிற்றுக்கிழமைப் பெரட்டு

அண்ணே,

புதுக் கேசட்டுக்கான அட்டைகள் இன்று காலை அச்சகத்திலிருந்து வந்தன. மை இன்னும் சரியாகக் காயவில்லை. கடை முழுக்க அந்த வாசனைதான். அட்டையில் நானும் என் கூட்டாளியும் ஆளுக்கொரு டெலிபோனைக் காதில் வைத்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். தலைக்கு மேல் 'மறுபடியும் வந்துட்டோம்' என்று சிவப்பு எழுத்து. கடைக்கு வந்த லுணுகலைக்காரர் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெரட்டு அண்ணன் இதிலும் இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். "எப்படி இருப்பாரு? அதான் போன மாசம் போயிட்டாருல்ல" என்று சொல்லிவிட்டு, பாட்டுக் கேசட் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார்.

எனக்கு அப்போதுதான் தெரியும். யார் வந்து சொல்லியிருப்பார்கள்? உங்களை ஊர் சிரிக்க வைத்தவனுக்கு ஆள் அனுப்பித் துக்கம் சொல்வார்களா?

முதல் கேசட் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். பதுளையில் வாப்பாவின் ரேடியோ கடையில் டெலிபோன் இருந்தது, புதிதாக வந்த ரெக்கார்டர் இருந்தது, எங்களுக்கு வேலை இல்லை. கூட்டாளி டெலிபோனிலிருந்து ஒரு வயரை இழுத்து ரெக்கார்டரில் மாட்டினான். குரலை மாற்றிப் பேசுவது என் பங்கு. பண்டாரவளை மரக்கறிக் கடைக்காரரிடம் கல்யாண வீட்டுக்கு ஒரு லொறி பூசணிக்காய் கேட்டேன். அவர் என் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். அந்தத் திட்டுதான் எங்கள் சரக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் உங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டோம். அங்கே டெலிபோன் எடுப்பது உங்கள் வேலை என்பதுகூட அன்றைக்குத் தெரியாது. விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, பேர் போட்டு, வேலைக்கு அனுப்புவார்களே, அந்தப் பெரட்டை லீவு நாளில், அதுவும் பட்டப்பகலில் கூப்பிடச் சொன்னால் எதிர்ப்பக்கம் வெடித்துக் கத்துவார்கள் என்று எதிர்பார்த்தோம். தோட்டத்தை நடத்தும் தொரையின் அரைகுறைத் தமிழில், "மணி அடி மேன், எல்லாம் பெரட்டு வரணும்" என்றேன்.

நீங்கள் திட்டவில்லை. இப்போதேவா என்று மட்டும் கேட்டீர்கள். ரிசீவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனீர்கள். மணி அடித்தது. மழைச் சத்தமும் கேட்டது. பிறகு சனம் வந்து சேருகிற சத்தம். உலை அடுப்பில் இருக்கிறது, இன்றைக்கு என்ன பெரட்டு என்று ஒரு பெண் கத்துகிறாள். "தொரை சொல்லிட்டாரும்மா" என்கிறீர்கள் நீங்கள். நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கேசட் பிய்த்துக்கொண்டு போனது. பசறை பஸ்ஸில் போட்டார்கள், தேத்தண்ணிக் கடைகளில் போட்டார்கள். பஸ் ஏன் பிந்தியது என்று கேட்டால் கண்டக்டர், தொரை சொல்லிட்டாரும்மா என்பார். பஸ்ஸே சிரிக்கும். உங்களுக்குப் பெரட்டு அண்ணன் என்று பேரே விழுந்தது.

பிறகு ஒரு நாள் நீங்களே கடைக்கு வந்தீர்கள். கம்பளிக் கோட்டு, தலையில் துண்டு, துணைக்கு உங்கள் மச்சான். அடிதடிக்குத்தான் என்று நினைத்து வாப்பா கல்லாவை விட்டு எழுந்துவிட்டார். நீங்களோ அந்தக் கேசட்டை ஒரு தரம் கேட்கலாமா என்றீர்கள். நின்றுகொண்டே முழுவதும் கேட்டீர்கள். அந்தப் பெண் குரல் வந்ததும், அது தங்கச்சி என்று மச்சானிடம் காட்டிச் சிரித்தீர்கள். மச்சான் சிரிக்கவில்லை. பொய்ப் பெரட்டு அடித்ததற்குத் தொரை உங்களை ஆபீசிலிருந்து எடுத்துக் கவ்வாத்துக்குப் போட்டுவிட்டதாக அவர்தான் சொன்னார். இந்த வயதில் மழையிலும் அட்டைக்கடியிலும் தேயிலைச் செடி வெட்ட வேண்டியிருக்கிறது என்றார். நீங்கள் அவர் கையைப் பிடித்து அடக்கினீர்கள்.

அப்போதாவது என் வாய் சும்மா இருந்திருக்கலாம். என் குரலை அசல் தொரை என்றே நம்பிவிட்டீர்களே என்று கேட்டேன். வெட்கக்கேடு, அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"நம்பலைங்க தம்பி. எங்க தொரை இப்படிப் பேச மாட்டாரு. எடுத்த ஒடனேயே தெரிஞ்சிருச்சு."

"பொறகு ஏன் மணி அடிச்சீங்க?"

"ஒருவேளை தொரையாவே இருந்துட்டா?"

அதோடு கேசட் விற்பதை நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். நிறுத்தவில்லை அண்ணே. உங்கள் தோட்டத்துக்கு ஒரு பஸ் ஏறி வந்து, போன் போட்டவன் நான்தான் என்று தொரையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், உங்கள் ஆபீஸ் வேலை திரும்பக் கிடைத்திருக்கும். பொலிஸ், வழக்கு என்று போய்விடுமோ என்று பயந்தேன். நாளைக்குப் போகலாம் என்றே வருஷங்களைத் தள்ளினேன். இனிப் போய் யாருக்காகச் சொல்ல?

புதுக் கேசட்டில் தோட்டம் வேண்டாம் என்று கூட்டாளியிடம் சொல்லியிருந்தேன். சனம் அதைத்தானே கேட்கும் என்றான் அவன். கடைசியில் கொஞ்சம் இடம் பாக்கி இருந்தது. இன்று மத்தியானம், உங்கள் செய்தி கேட்ட கையோடு, வேறொரு தோட்டத்து நம்பரைப் போட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினான். யாரோ எடுத்தார்கள். பழக்கதோஷம், தொரை பேசுறேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் ஞாபகம் வந்தது. வைத்துவிட்டேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. தொரை கூப்பிட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் வைத்தால் அந்த மனுஷன் என்ன பாடுபடுவார்? திரும்பப் போட்டேன். என் சொந்தக் குரலில், முதலில் பேசியதும் நான்தான், நான் தொரை இல்லை, பதுளையில் கேசட் கடை வைத்திருப்பவன், விளையாட்டுக்குச் செய்தேன், மன்னித்துவிடுங்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சரிங்க தொரை," என்றார். "இப்ப நான் என்னாங்க செய்யணும்?"

உங்களிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பை முன்பின் தெரியாத அவரிடம் கேட்டதும், அது அவர் காதில் இன்னொரு உத்தரவாகவே விழுந்ததும் ஒன்றாகப் புரிந்தது. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவரும் வைக்கவில்லை அண்ணே. நான் வைக்கிறவரைக்கும் வைக்கமாட்டார்.