என் காதுச் சத்தத்தைத் தேடி அலைந்தவனுக்கு

பங்குனிப் பொங்கலுக்கு இந்த வருஷமும் ஊருக்குப் போயிருந்தேன். மைக்செட்காரர்கள் கோயிலுக்கு முன்னால் ஆம்ப்ளிபயரை வைத்து ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு இன்னும் கிளம்பவில்லை. சூடேறிய பெட்டியிலிருந்து அந்த வாசனை மட்டும் கிளம்பிவிட்டது. தூசியும் கம்பிச்சுருளும் சேர்ந்து லேசாகக் கருகுகிற வாசனை. உனக்குத் தெரியாததா? பத்து வீட்டுக்கு அப்பாலிருந்தே மூக்கை உறிஞ்சி, "செட்டு வந்துருச்சுலே" என்று ஓடுகிற ஆள் நீ. நான் பையிலிருந்து பஞ்சை எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டு கண்மாய்க்கரைப் பக்கம் நடந்துவிட்டேன். உனக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று அங்கேதான் தோன்றியது. நீ போய் ஒன்றரை வருஷமாகிறது. பதில் வராது என்று தெரியும். இருந்தபோதே வாட்ஸ்அப்பில் நாலு செய்தி அனுப்பினால் ஒன்றுக்குப் பதில் போட்டவன்தானே நீ.

நமக்கு அப்போது பதினாறு வயது. அருப்புக்கோட்டையில் பிளஸ் ஒன் படித்தோம். படித்தோம் என்றால் நீயே சிரிப்பாய், பஸ்ஸில் போய் வந்தோம். நம் ஊர்ப் பொங்கலுக்கு வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் தனித்தனியாக மைக்செட் பிடிப்பார்கள். முளைப்பாரி ஊர்வலத்தில் ஆளுக்கொரு டிராக்டரில் ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு போவார்கள். எந்தத் தெருவின் செட்டு வழியில் முதலில் நிற்கிறதோ அந்தத் தெரு தோற்றது. பரிசு ஒன்றும் கிடையாது. அடுத்த பொங்கல்வரை டீக்கடையில் தலை நிமிர்ந்து உட்காரலாம், அவ்வளவுதான். அதற்காக உயிரையும் கொடுப்போம்.

அந்த வருஷம் டிராக்டர் கிளம்பியதுமே நம் தெற்குத் தெருவின் பெரிய பெட்டிக்குப் பின்னால் ஒயர் கழன்றுவிட்டது. ஒட்டுவதற்கு டேப் வேண்டும். டேப் அருப்புக்கோட்டையில் இருந்தது. நீ என்னை இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் திணித்து, என் கட்டைவிரலைப் பிடித்து அந்த ஒயர்மேல் வைத்து அழுத்தினாய். "கைய எடுத்துராதலே. எடுத்தேன்னா தெரு மானமே போச்சு." நான் எடுக்கவில்லை. மதியம் மூன்று மணிக்கு ஏறியவன் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் இறங்கினேன். நெஞ்சு அதிர்ந்தது, பல் அதிர்ந்தது, கடைசியில் பாட்டே கேட்கவில்லை. ஊருணிப் பக்கம் வடக்குத் தெரு செட்டு நின்றுபோனது. நாம் ஜெயித்தோம். நீ என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினாய். என்னவோ கத்தினாய். எனக்கு உன் வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது.

மறுநாள் காலையில் ஊரே அசந்து கிடந்தது. ஒரு சத்தமும் இல்லை. என் காதுக்குள் மட்டும் மெல்லிசாக, மூச்சு விடாமல், 'ஈ...' என்று ஒன்று நின்றது. சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

வண்டு புகுந்துவிட்டதென்று அம்மா டார்ச் அடித்துப் பார்த்தாள். பிறகு மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே டாக்டர் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டிச் சோதித்தார். "காதுக்குள்ள பொடிப்பொடியா மயிரிழை மாதிரி இருக்கும் தம்பி. பெருஞ்சத்தத்துல பட்டுப்போச்சுன்னா திரும்ப முளைக்காது. காது அனுப்பாத சத்தத்த மூளையே உண்டாக்கிக்குது. இனிமே சத்தத்துப் பக்கம் போகாதீங்க. ரொம்ப அமைதியா இருந்தா லேசா ஃபேனாவது ஓடட்டும். போகப்போக மனசு பழகிக்கிரும்" என்றார்.

எனக்குப் பழகவில்லை. திருச்சுழி ரோட்டில் மத்தியான வெயிலில் நின்றால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். ஒரு இலை அசையாது. அந்த அமைதியில் அது இன்னும் ஏறும். பரீட்சை ஹால் அதைவிட மோசம். வினாத்தாளைக் கொடுத்ததும் ஹால் அடங்கும். அடங்கியதும் அது வந்து நிற்கும். முழுப்பரீட்சையில் பாதியில் எழுந்து வந்துவிட்டேன். "படிக்கப் பயந்துக்கிட்டு நடிக்கிறான்" என்றார் அப்பா. அதில்தான் நான் உடைந்தேன். வெளியே காட்ட ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை. எனக்கு மட்டும் கேட்கிறதென்றால் யார் நம்புவார்கள்? இனிப் பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்று படுத்துவிட்டேன்.

நீ பார்க்க வந்தாய். "ஒன்னாலதான்டா" என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சண்டைக்கு வருவாய் என்று நினைத்தேன். நீ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அது எப்படிலே இருக்கும்?" என்று கேட்டாய். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "சரி, நானும் அதக் கேட்டே ஆகணும். எங்குட்டாவது இருக்கும். கெளம்பு" என்றாய்.

அந்தக் கோடை முழுக்க உன் சைக்கிள் கேரியரில் என்னை ஏற்றிக்கொண்டு அலைந்தாயே! டிரான்ஸ்பார்மருக்குக் கீழே நிறுத்தி, "இதா?" சாணை பிடிக்கிறவர் பக்கத்தில் நிறுத்தி, "இதா?" ரேஷன் கடை டியூப்லைட், சில்வண்டு கத்துகிற கருவேலங்காடு, எதையும் விடவில்லை. உன் அத்தை வீட்டு அடுப்படியில் குக்கரின் முன்னால் நாம் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாங்கிய வசவு தனிக்கதை. எல்லாவற்றுக்கும் நான், "இல்லடா, இது இல்ல."

கடைசியில் காரியாபட்டி ரோட்டில் ஒரு பஞ்சர் கடை. கரண்டு இல்லாத நேரம். கம்ப்ரஸர் டேங்கில் மிச்சம் இருந்த காற்றை அடித்துக்கொள்ளச் சொல்லி, கடைக்காரர் குழாயை உன் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். குழாய் முனையில் காற்று சீறியது. நான் அப்படியே நின்றுவிட்டேன். அது இல்லை. ஆனால் அதற்கு நெருங்கிய சொந்தம். "கிட்ட வந்துருச்சுடா" என்றேன்.

உன் முகத்தைப் பார்த்திருக்கவேண்டுமே! முனையைக் கட்டைவிரலால் கொஞ்சம் அடைத்தாய். சத்தம் மெலிந்து மேலே ஏறியது. "கூட்டவா, கொறைக்கவா?" "கூட்டு." "இப்ப?" "லேசா எறக்கு." நெல் அளவு விரலை நகர்த்தினாய். நகர்த்தியதும் எனக்குள் ஓடுவதும் வெளியே ஓடுவதும் ஒன்றாகிவிட்டன. எது எதென்று தெரியவில்லை. "அதேதான்டா! அதே!" என்று நடுரோட்டில் கத்தினேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டாய். காற்று தீரும்வரை விரலை அசைக்காமல் கேட்டாய். கண்ணைத் திறந்தபோது கண் நிறையத் தண்ணீர். "இத வச்சுக்கிட்டா பரீச்ச ஹால்ல உக்காந்திருந்த? நானா இருந்தா ஹாலுக்குத் தீய வச்சிருப்பேன்லே" என்றாய். திரும்பி வந்த கடைக்காரர், "ஏலே, காத்தப் பூராம் காலி பண்ணிட்டீகளே, கரண்டு வார வரைக்கும் நான் வாயால ஊதவா?" என்று விரட்டினார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். பொங்கலுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான்.

ஜூனில் பள்ளிக்கூடம் போனேன். சத்தம் கொஞ்சமும் குறையவில்லை, பயம் குறைந்திருந்தது. ஹாலில் அது வந்து நின்றால், 'வா, பஞ்சர் கடை' என்று மனசுக்குள் சொல்லிவிட்டு எழுதினேன். டாக்டர் சொன்ன பழக்கம் எனக்கு அந்த வழியாகத்தான் வந்தது.

நீயோ பிளஸ் டூ முடித்துச் சில வருஷத்தில் மைக்செட்டே வாங்கினாய். எனக்கு வந்த கோபத்துக்கு ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. பிறகு ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். பெட்டிகளைச் சுற்றிப் பத்தடி தள்ளிக் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தாய். யாராவது கயிற்றுக்குள் கால் வைத்தால் பாட்டை நிறுத்திவிடுவாய். ஊர் உனக்குக் 'கயித்துக்காரன்' என்று பட்டம் வைத்தது. "என்னப்பா செட்டு இது, அடுத்த தெருவுக்குக்கூடக் கேக்கல" என்று பொங்கலுக்கு வேறு ஆளைப் பிடித்தார்கள். நீ மசியவில்லை. ஏனென்று யாருக்கும் விளக்கம் சொல்லவும் இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசியில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவன் எழவில்லை. கேதத்துக்குக் கொட்டும் வேட்டும் வேண்டாம் என்று உன் மனைவி சொல்லிவிட்டாள். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தது. வீடு அடங்கியது. என் காதில் அது ஏறியது. பல வருஷத்துக்குப் பிறகு பழைய பயம் வந்தது. இதைக் கேட்ட இன்னொரு ஆள் இனி இல்லையே என்று நினைத்தேன். காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உன் மகள் வந்து எதிரே நின்றாள். ஏழு வயது. "மாமா, காதுல கேக்குதா?" என்றாள். தலையை ஆட்டினேன். அவள் நாக்கைப் பல்லோடு சேர்த்து, உதட்டை இறுக்கி, மெல்ல ஊதினாள்.

சத்தியமாகச் சொல்கிறேன்டா, அதேதான். ஒரு இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நீ அதைக் கேட்டது ஒரே ஒரு மத்தியானம், ஒரு டேங்க் காற்று தீர்கிற நேரம். அதை எப்படியடா வாயில் பிடித்தாய்?

"ஆரு தாயி சொல்லிக் குடுத்தா?"

"அப்பாதான். மாமாவுக்கு எப்பவும் இது கேக்கும், தெரிஞ்சு வச்சுக்கன்னாக."

கதவோரம் நின்ற உன் மனைவி சொன்னாள்: "வண்டி ஓட்டும்போதெல்லாம் இதத்தான் ஊதிக்கிட்டே வருவாகண்ணே. நான் ஏதோ பாட்டுன்னு நெனச்சேன்."

"இன்னொரு தடவ ஊது தாயி" என்றேன். ஊதினாள். "இன்னொரு தடவ." "போங்க மாமா, மூச்சு வாங்குது" என்று ஓடிவிட்டாள்.

இந்தச் சத்தம் நின்றுவிடாதா என்று எத்தனை கோயிலில் நின்று வேண்டியிருப்பேன். இப்போதும் கோயிலுக்குப் போகிறேன். அதை மட்டும் வேண்டிக்கொள்வதில்லை.