முக்காட்டுக்குள் சிரிப்பு

முஹய்யோ அக்கா,

நேற்று உன் முன்பற்கள் இரண்டை நானே பிடுங்கினேன். உனக்கு இருபத்தாறு வயதுதான். அழுக்கால் வந்ததல்ல, இளம் வயதிலேயே பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கும் ஈறு நோய். குடும்பத்தில் தொடர்ந்து வரும்.

மார்கிலான் ஊருக்கு வாழ்க்கைப்பட்டதிலிருந்து முக்காட்டு ஓரத்தால் வாயை மூடித்தான் சிரித்தாய். புது மருமகள் வெட்கம் என்று நினைத்தேன். "பல்லைக் காட்டினா மாமியார் பிடுங்கிடுவாங்களாக்கா?" என்று கேலி வேறு. "போடா, பெரிய பல் டாக்டரு" என்றாய். அப்போதே வாயைத் திறக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

நவ்ரூஸ் புத்தாண்டு விருந்தில் நம் தங்கை ஓய்தினும் வாயை மூடிச் சிரித்தாள். பதினாலு வயது; அவள் யாருக்கும் மருமகள் இல்லை. இப்போதே ஈறுக்கடியில் சுத்தம் செய்தால் பற்கள் நிற்கும். நான் கூப்பிட்டால் ஓடுகிறாள்.

நீ முக்காட்டை விலக்கி அவளைப் பார்த்து ஒருமுறை சிரி, அக்கா. பிறகு அழைத்து வா.

உன் தம்பி