உள்ளங்கைச் சீனி

பேராசிரியர் தம்பிக்கு,

உன் சர்க்கரை வியாதி ஆராய்ச்சி பேப்பர்ல வந்ததைக் எங்க வேலைய மேற்பார்வை பாக்கிற கண்டாக்கு ஐயா, ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற காலைப் பெரட்டுல வாசிச்சாரு. மலையேறிக் கொழுந்து பறிக்கிற பொம்பளைங்க தேத்தண்ணிக்குச் சீனியே போடுறதில்லையாம், அப்புறமும் வியாதி ஏன் வருதுன்னு உனக்குப் புரியலையாம். நல்லா சிரிச்சோம்.

ஆராய்ச்சிக்குக் கேள்வி கேக்க நீ அனுப்பின பிள்ளைங்க, "தேத்தண்ணியில சீனி போடுவீங்களா?"ன்னாங்க. இல்லைன்னோம். சீனிய உள்ளங்கையில வச்சு நக்கிக்கிட்டுத்தானே வெறுந் தேத்தண்ணி குடிக்கிறோம்? இதே தோட்டத்து லயத்து வீட்டுல அம்மா கைச் சீனிக்கு அழுது வளர்ந்தவன் நீ. மறந்துட்டியா, கொழும்புல சொல்ல வெக்கமா?

நேத்து ஆஸ்பத்திரியில அம்மாவோட கால்விரல் ரெண்டை எடுத்துட்டாங்க. கண்ணு முழிச்சதும் தேத்தண்ணி கேட்டுச்சு, உள்ளங்கையை நீட்டிக்கிட்டே.

இப்படிக்கு,
உன் ஆராய்ச்சி லிஸ்ட்ல பதினேழாம் நம்பரா இருக்கிற அக்கா.